குறடும் கிணற்றுக் கயிறும்

புருஷனைக் கயிற்றால் அடிக்கிறாள் என்று செங்கம்மாளைப் பற்றிக் கதை கட்டியவள் பக்கத்துக் குடிசை செல்லியம்மாள். அவளையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. ஒரு காலத்தில் மாடு கட்டி இறைத்த பாழுங்கிணறு. அதன் பக்கத்தில் ஒரு மனுஷன் வேர்த்து விறுவிறுத்து நிற்கிறான். அவன் பெண்டாட்டி கிணற்றின் அந்தப்புறம் நின்றுகொண்டு, "இன்னொரு தபா!" என்று கத்துகிறாள். உடனே ஒரு ஈரக் கயிறு தரையிலிருந்து சரேலென்று கிளம்புகிறது, அவன் "ஐயோ" என்கிறான். பார்க்கிறவள் வேறு என்னதான் நினைப்பாள்?

உண்மையில் செங்கம்மாள் தன் புருஷன் நாகமுத்துவின் கைக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் மண்டைக்கு எல்லாம் தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை.

எழுபத்து நாலாம் வருஷம், ஆனி மாதம். கும்மிடிப்பூண்டியில் கல்கத்தா ரோட்டை ஒட்டி ஒரு இரும்பு மில் வந்திருந்தது. பழைய இரும்பை உலையில் பழுக்கக் காய்ச்சி, ரோலர்களுக்கு நடுவே திரும்பத் திரும்ப விட்டுக் கட்டடக் கம்பியாக இழுக்கிற மில். ரோலருக்கு இந்தப்புறம் ஒரு ஆள், அந்தப்புறம் ஒரு ஆள் நிற்பார்கள். கம்பியின் தலை செக்கச்செவேலென்று வெளியே பாயும். அதை நீளக் குறடால் கவ்வி, அப்படியே உடம்போடு ஒரு சுற்றுச் சுற்றி, அடுத்த ரோலரின் வாயில் கொடுக்க வேண்டும். கவ்வின பிடி நழுவினால் கம்பி தரையில் ஓடும், மில்லை நிறுத்த வேண்டும், மேஸ்திரி வாயில் வந்ததையெல்லாம் கேட்க வேண்டும்.

நாகமுத்து பழவேற்காட்டு ஏரிக்காரன். முகத்துவாரம் மணல் மூடி மீன் அற்றுப்போன வருஷம் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்தவன். மில்லில் கம்பி சுமந்தான். அவன் தோளைப் பார்த்துவிட்டுக் குப்புராஜ் மேஸ்திரியே கூப்பிட்டு, "குறடு புடிக்கிறியாடா?" என்று கேட்டார். சாலமோன் என்கிற குறடுக்காரனின் இடம் அப்போதுதான் காலியாகியிருந்தது. குறடுக்காரன் என்றால் பர்மனென்ட். சுமை தூக்குகிறவனை எந்தக் காலையிலும் கேட்டோடு திருப்பி அனுப்பிவிடலாம்.

இரண்டு தடவை குறடு பிடித்தான். இரண்டு தடவையும் கம்பியை விட்டான். கவ்வவில்லை என்று யாரும் சொல்ல முடியாது, அழகாகத்தான் கவ்வினான். கம்பி வெடுக்கென்று இழுத்ததும் நெஞ்சு திக்கென்று அடித்துக்கொண்டது, விரல்கள் தாமாகத் திறந்துவிட்டன.

"கையாடா அது? அது பாட்டுக்குத் தொறந்துக்குது!" என்றார் மேஸ்திரி. "வர்ற திங்கக்கெழம கடைசியா ஒரு தபா பாக்கறேன். அன்னிக்கும் வுட்டேன்னு வையி, இந்த மில்லுப் பக்கமே தல காட்டாத."

அன்று வீட்டுக்கு வந்தவன் சோற்றைத் தொடவில்லை. "நான் எங்க வுட்டேன்? அதுவா வுட்டுக்கிச்சு," என்று தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

செங்கம்மாளும் ஏரிக்கரையில் பிறந்தவள்தான். அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. தோணியில் கால் வைக்கிற எந்தப் பிள்ளைக்கும் அங்கே சொல்லித் தருகிற முதல் பாடமே, கயிறு இழுத்தால் விட்டுவிடு என்பதுதான். வலை அடியில் கிடக்கும் மரத்தில் மாட்டும். வடிகிற தண்ணீர் தோணியை முகத்துவாரத்துக்கு இழுக்கும். கையிலிருக்கும் கயிறு திடீரென்று ஓடும். வலை போனால் இன்னொன்று பின்னிக்கொள்ளலாம். நாகமுத்துவின் நைனா, பிள்ளைகள் விரல் முட்டியில் துடுப்புக் கட்டையால் தட்டித் தட்டி இதைப் பழக்கியிருந்தார். அப்படியும் மூத்தவன் முனுசாமி, புது வலையாயிற்றே என்கிற ஆசையில் ஒருநாள் கயிற்றை விடவில்லை. கயிறு அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிற்று. கரையில் எடுத்துப் போட்டபோது அவன் விரல்களைப் பிரித்துத்தான் கயிற்றை எடுத்தார்கள். அன்று தோணியின் மறுமுனையில் இருந்தவன் நாகமுத்து.

அப்படிப்பட்ட கை திறக்காமல் என்ன செய்யும்?

"உங்க நைனா பழக்குன கையி அது," என்றாள் செங்கம்மாள். "பழக்குனது பழக்குனதுதான். அதும்மேல நான் வேற பழக்கறேன்."

"எப்பிடி?"

"உங்க நைனா மாதிரியேதான். அடிச்சு," என்று சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

மறுநாளே காரியத்தில் இறங்கிவிட்டாள். குடிசைகளுக்குப் பின்னால் இருந்த பாழுங்கிணற்றில் ராட்டினம் இன்னும் ஓடியது. கயிற்றின் ஒரு முனையில் கல் நிரப்பிய சாக்கைக் கட்டிக் கிணற்று விளிம்பில் வைத்தாள். மறுமுனையை வேப்பமரத்தில் கட்டினாள். நடுக்கயிறு தளர்ந்து தரையில் கிடக்கும், அதில் பெரிதாக ஒரு முடிச்சு. சாக்கை அவள் உள்ளே தள்ளினால் கயிறு விருட்டென்று ஓடும். முடிச்சு தன்னைத் தாண்டுமுன் நாகமுத்து அதைக் குறடால் கவ்வி நிறுத்த வேண்டும். குறடு சாலமோன் கொடுத்தது. மில் வாசலில் இப்போது டீக்கடை போட்டிருந்த சாலமோன், "எனுக்கு இனிமே எதுக்கு, எத்துக்கினு போ," என்று தூக்கிக் கொடுத்துவிட்டான். அதன் பிடியில் செங்கம்மாள் தன் பழைய நீலச் சேலையைக் கிழித்துச் சுற்றினாள்.

முதல் நாள், "தள்ளறேன், தள்ளறேன்" என்று சொல்லிச் சொல்லித் தள்ளினாள். அப்படியும் கை திறந்தது. கவனித்துப் பார்த்ததில் அவளுக்கு ஒன்று தெரிந்தது. திறப்பது என்னவோ கைதான், ஆனால் தொடங்குவது நெஞ்சில். இழுப்பு வந்ததும் அவன் மூச்சை உள்ளேயே அடைத்துக்கொள்கிறான். மூச்சு அடைத்ததும் கழுத்து விறைக்கிறது, அப்புறம்தான் விரல் விடுகிறது.

"துடுப்புப் போடும்போது ஹூம்னு ஒரு மூச்சு வுடுவியே, அத்த வுடுய்யா. இழுக்கும்போது வுடு."

"மூச்சு வுட்டா கையும் வுட்டுக்கும்மே."

"வுட்டுப் பாரு. அப்பால சொல்லு."

மூச்சை விட்டான், கை நின்றது. இரண்டு பேருக்கும் அதை நம்ப முடியவில்லை.

அதற்கப்புறம் அவனுக்கு நிம்மதி ஏது? அந்த ஊர் ஏரிக் கரைமேல் ஏறி இறங்கி ஓடவிட்டு, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும்போதே குறடைக் கையில் கொடுப்பாள். சொல்லாமல் தள்ளுவாள். முதுகில் குடத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தள்ளுவாள். காலையில் நாஷ்டா சாப்பிடும்போது பின்னாலிருந்து ஒரு தட்டைத் தரையில் டங்கென்று போடுவாள். அவன் தூக்கிவாரிப்போட்டுச் சோற்றைச் சிந்துவான். "பேஜாராக்கீதுமே உன்கூட," என்று திட்டுவான். செல்லியம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏரிக்காரிங்களக் கட்டுனா இதான் கதி," என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வாள். செங்கம்மாள் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாக்கைத் தள்ளித் தள்ளி அவள் உள்ளங்கையும் தோலுரிந்து கிடந்தது. அதை அவனுக்குக் காட்டவில்லை.

வாரம் முடிவதற்குள் நாகமுத்து வேறு ஆளாகிவிட்டான். தட்டு விழுந்தால் கண் மட்டும் திரும்பும், கவளம் வாய்க்குப் போகும். கயிறு ஓடினால் 'ஹூம்' என்பான், குறடு கவ்வும், கயிறு நிற்கும். செங்கம்மாளுக்குத் தலைகால் புரியாத பெருமை. அந்தப் பெருமைதான் வினையாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மாலை. மறுநாள் மேஸ்திரி பார்க்கப் போகிறார். கடைசியாக ஒரு பெரிய இழுப்பு இழுத்துப் பார்த்துவிடலாம் என்று சாக்கில் அவள் இன்னும் நான்கைந்து கல்லைத் திணித்தாள், அவனிடம் சொல்லவில்லை. தள்ளினாள்.

கயிறு ஓடியது. நாகமுத்து கவ்வினான். கயிறு நிற்கவில்லை. அவனைக் காலோடு பெயர்த்துக் கிணற்றுப் பக்கம் இழுத்தது. குதிகால் மண்ணை உழுதுகொண்டே போயிற்று.

"வுடு! வுடுய்யா!"

அவன் விடவில்லை. மார்பு கிணற்றுச் சுவரில் மோதியது. தலையும் தோளும் கிணற்றுக்குள் கவிழ்ந்தன. வேப்பமரத்தில் கட்டின கயிறு விண்ணென்று இழுபட்டு நின்றிராவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும். செங்கம்மாள் ஓடிப்போய் அவன் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தாள். அப்போதும் குறடு அவன் கையில். அவள் ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். மோதிர விரல் திறந்தால் சுட்டு விரல் மூடிக்கொண்டது.

அவன் நெஞ்சில் தோல் வழன்று ரத்தம் கசிந்தது. ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியாமே? வுடல!"

முனுசாமியின் விரல்களைப் பிரித்துக் கயிற்றை எடுத்ததைக் கரையில் நின்று பார்த்தவர்களில் செங்கம்மாளும் ஒருத்தி. அதே போலத்தான் இப்போது தம்பியின் விரல்களை அவள் பிரித்திருந்தாள். சாலமோனின் கால் அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. சில சமயம் கம்பியின் தலை எதிலாவது முட்டி, பின்னால் வருகிற கம்பி சுருள் சுருளாகக் காற்றில் எழும்பும். அப்படி எழும்பினால் குறடைப் போட்டுவிட்டுத் தூணுக்குப் பின்னால் ஓட வேண்டும். மில்லில் எல்லோருக்கும் தெரிந்ததுதான் அது. அப்படி எழும்பின அன்று சாலமோன் ஒரு கணம் பிடித்துக்கொண்டு நின்றான். சுருள் முழங்காலுக்குக் கீழே விழுந்தது. கால் இருக்கிறது, நடக்கத்தான் உதவாது.

பிடிக்கப் பழக்குகிற மும்முரத்தில் விடுவதை அவள் மறக்கடித்துவிட்டாள். அவன் வீட்டார் உயிரைக் கொடுத்துக் கற்றுக்கொண்டதை ஒரே வாரத்தில் அழித்தது அவள் கைதான்.

"நாளைக்கிப் போவாதய்யா," என்றாள்.

"இன்னா சொல்ற?"

"கம்பி சுருண்டா வுடுவியா நீ? இப்ப வுட்டியா? நான் தொண்ட கிழியக் கத்துனேன்."

"புடி புடின்னு உசுர எடுத்தது யாரு? நீதான? இப்ப வுடுங்கிறியே. என் கையி இன்னா உன் ஊட்டுக் கதவா, நெனச்சப்ப தொறக்க, நெனச்சப்ப மூட?" அவனுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "போவலன்னா இன்னா பண்றது? ஏரிக்கித் திரும்பிப் போறியா? அங்க இன்னா கீது?"

அங்கே ஒன்றும் இல்லைதான்.

விடிகிற நேரத்தில் அவனை எழுப்பிக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சாக்கில் பழைய அளவே கல். முடிச்சுக்கு ஒரு கை தள்ளிக் கயிற்றில் சில தடவை மட்டும் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி மண்ணைத் தூவி மறைத்தாள். முடிச்சைக் கவ்வட்டும். பின்னாலேயே சிவப்பு வந்தால் குறடைப் போட்டுவிட வேண்டும். வராவிட்டால் பிடிக்க வேண்டும்.

"நான் புடின்னும் சொல்லமாட்டேன், வுடுன்னும் சொல்லமாட்டேன். மூச்ச வுடு. வுட்டுட்டுப் பாரு. பாத்துட்டு நீயா செய்யி."

முதலில் எல்லாவற்றையும் பிடித்தான். பிறகு எல்லாவற்றையும் விட்டான். இரண்டும் கெட்டு, நடுவில் ஒரு தடவை கவ்வினான், 'ஹூம்' என்றான், சிவப்பைப் பார்த்தான், குறடைப் போட்டான். இன்னொரு தடவையும் சரியாக வந்தது. மில்லின் சங்கு ஊதியது. "கடைசியா ஒண்ணு," என்று அவள் சாக்கைத் தள்ளினாள். சிவப்பு வந்தது. அவன் பிடித்துக்கொண்டே நின்றான்.

அவள் கயிற்றைச் சுருட்டினாள். அவன் குறடைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போனான்.

அன்று காலை செங்கம்மாள் வீட்டில் செய்த வேலை எதுவும் உருப்படவில்லை. உலை பொங்கி அடுப்பை அணைத்தது. காது முழுக்க மில்லின் தடதடப்பிலேயே இருந்தது. அது ஓடுகிறவரைக்கும் ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மதியத்துக்கு வெகுநேரம் இருக்கும்போதே தூக்குச்சட்டியில் சோற்றைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். "இன்னாடி, இன்னிக்கிக் கவுறு இல்லியா?" என்று செல்லியம்மாள் கேட்டது பின்னாலேயே நின்றுவிட்டது.

சாலமோன் டீக்கடைக்குப் பக்கத்தில் வந்தபோது தடதடப்பு நின்றது.

"கரண்டு பூட்ச்சா?" என்றாள். அந்த வருஷம் கரண்டு போவது தினப்படி வழக்கம்தானே. டீ ஆற்றின சாலமோனின் கை அப்படியே நின்றது. அவன் தலைக்கு மேல் பலகையில் இருந்த ரேடியோ, கரண்டில் ஓடுகிற பழைய ரேடியோ, நெல்லுக்கு உரம் போடுவது எப்படி என்று நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தது.

"கரண்டு கீதும்மா," என்றான் சாலமோன்.

அவள் கேட்டுக்கு ஓடினாள். வாட்ச்மேன் ஜோசப் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு, "உள்ள வுட முடியாதும்மா, கம்பி சுருண்டுக்கிச்சாம். சத்தத்தப் பாத்தியா? இரு, வருவாங்க," என்றான். உள்ளே நிறையப் பேர் ஒரே சமயத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். யார் பெயரையோ கூப்பிட்டார்கள். எந்தப் பெயர் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கருகின வாடை வந்தது. துணியா, வேறு எதுவுமா என்று நினைக்கப் போன மனசை அவள் இழுத்து நிறுத்தினாள். மூச்சு அடைத்தது. மூச்சை விடு, விட்டுட்டுப் பார் என்று அவனுக்குச் சொன்னதைத் தனக்குச் சொல்லிக்கொண்டாள். விட முடியவில்லை. சொல்வது எவ்வளவு சுலபம் என்று அப்போது தெரிந்தது.

இரண்டு பேர் ஷெட்டிலிருந்து ஓடிவந்தார்கள். ஒருவன் கையில் ஒரு குறடு. அது நடுவில் வளைந்து கோணிக் கிடந்தது. பிடியில் சுற்றின நீலத் துணி பாதி கருகிப் புகைந்துகொண்டிருந்தது.

குறடு மட்டும்தான் வந்தது.

ஜோசப் ஏதோ சொன்னான், அது செங்கம்மாளின் காதில் விழவில்லை. சாலமோன் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் நின்றான்.

அப்புறம் நாகமுத்து வந்தான். நடந்து வந்தான். ஒரு காலில் செருப்பு இல்லை. முகமெல்லாம் கரி. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களை அகல விரித்து, அவை யாருடைய கைகளோ என்பது போலப் பார்த்துக்கொண்டே வந்தான். கேட்டுக்கு வெளியே அவளைப் பார்த்ததும்தான் நின்றான்.

"காலையிலேந்து ஒண்ணுகூட வுடலமே," என்றான், குற்றம் செய்தவன் கணக்காக. "எல்லாத்தயும் புடிச்சேன். கடைசியா வந்தது முட்டிக்கினு எழும்பிச்சி. மூச்சு வுட்டேன். செவப்பாத் தெரிஞ்சிது. அண்ணன் கையும் தெரிஞ்சிது." விரித்த கைகளை அவளிடம் காட்டினான். "வுட்டுட்டேன்."

செங்கம்மாள் அழுதாள். ரோடு என்றும் பார்க்கவில்லை, மில் ஆட்கள் என்றும் பார்க்கவில்லை, ஓவென்று அழுதாள். அவன் வேலை போயிற்றா இருக்கிறதா என்று கேட்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் அவனுக்குத் தெரிந்திருக்காது.

ஷெட் வாசலில் குப்புராஜ் மேஸ்திரி தலைப்பாகையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். அரை நாள் வேலை பாழ், ரோலரில் சுற்றின கம்பியை வெட்டி எடுக்க ராத்திரியாகிவிடும், அவருக்கு எரிச்சலான எரிச்சல். "டேய் நாகமுத்து!" என்று அங்கிருந்தே கத்தினார். "நாளிக்கு மொத ஷிப்டு. ஸ்டோருல வேற குறடு வாங்கிக்க. இத்த ஒட்ச்சிட்ட." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சாலமோன் கேட்டைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சிரித்தான். நாகமுத்து வெளியே வந்து, "பசிக்குதுமே, அத்தக் குடு," என்று தூக்குச்சட்டிக்குக் கை நீட்டினான்.

செங்கம்மாள் கொடுக்கப் பார்த்தாள். முடியவில்லை. தூக்குச்சட்டியின் வளையத்தைப் பிடித்திருந்த அவள் கை திறக்கவில்லை. மில் நின்ற நேரத்திலிருந்து இறுக்கின இறுக்கில் விரல் கணுக்கள் வெளுத்துப் போயிருந்தன. அவள் தன் கையைப் பார்த்தாள். திற என்று சொல்லிப் பார்த்தாள். அது கேட்கவில்லை.

நாகமுத்து மண்ணில் மண்டியிட்டான். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு முதலில் சுண்டுவிரலைப் பிரித்தான். பிறகு அடுத்ததை. தோலுரிந்து கிடந்த அவள் உள்ளங்கையை அப்போதுதான் பார்த்தான்.

"வுடு செங்கம்மா," என்றான். "நான் வன்ட்டேன், வுடு."